கலிஃபோர்னியாவால் தப்பிய பாதி மீசை

கல்குவாரி ஏமஸின் மீசை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் முழுக்கப் பிரசித்தம். அதற்கடியில் இருந்த தழும்புதான் யாருக்கும் தெரியாது. வெடிவைத்தபோது கல் தெறித்துக் கிழிந்த மேலுதடு, தைத்த பிறகு ஒரு பக்கம் ஏறிக்கொண்டு, யாரையோ பழிப்புக் காட்டுவதுபோல நின்றுவிட்டது. ஊருக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், சாப்பாட்டுக் கடை வைத்திருந்த விதவை வினிஃப்ரெட்டுக்குத் தெரியக் கூடாது. கல்யாணம் கேட்கத் துணிவில்லாமல் அவள் கடையில் ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் தின்றே உடம்பு போட்டிருந்தான்.

அந்த மீசையைத்தான் 1916 தேர்தலில் பந்தயம் வைத்தான். ஜனாதிபதி தேர்தல் வந்தால் அங்கே அப்படித்தான். தோற்றவன் ஜெயித்தவனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தெருவெல்லாம் தள்ளுவான். இல்லையென்றால் மூக்கால் வேர்க்கடலை உருட்டுவான். ஏமஸ் ஜனநாயகக் கட்சி, லாடம் அடிக்கும் லூதர் குடியரசுக் கட்சி. சாராயக் கடையில் பேச்சு முற்றி, மீசைக்கு மீசை என்று கையடித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலைப் பத்திரிகைகள் குடியரசுக் கட்சி ஜெயித்ததாகப் போட்டுவிட்டன.

"உக்காருய்யா. தூக்குல போடற மாதிரி முழிக்கிறியே" என்றான் நாவிதன் காஸ்பர்.

"மெதுவா வழிப்பா, நான் ஆசை தீரப் பாக்கணும்" என்று லூதர் தன் மீசையை நீவினான்.

தழும்பு இருந்த பக்கம் வழித்து முடிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கினார்கள். அப்போது பார்த்து ரயிலடித் தந்திக்காரர் ஓடி வந்தார்.

"நிறுத்துங்கப்பா! கலிஃபோர்னியால இன்னும் எண்ணி முடிக்கல. யாரு ஜெயிச்சாங்கன்னே தெரியலயாம்!"

காஸ்பர் கத்தியை மடக்கினான்.

"மீதியையும் எடுத்துத் தொலைடா!" என்றான் ஏமஸ்.

"எப்படி எடுக்கறது? நீ ஜெயிச்சா அது உன் மீசை. முடிவு வரட்டும்."

"போன பாதிய ஒட்டித் தருவியா?"

"எங்கிட்ட பசை இல்ல."

முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏமஸ் குவாரிக்குப் போனான். "கலிஃபோர்னியா எந்தப் பக்கம், வழிச்ச பக்கமா வழிக்காத பக்கமா?" என்று கூட வேலை செய்தவர்கள் பாறைக்குப் பாறை கத்தினார்கள். வினிஃப்ரெட் கடை இருக்கும் தெருவை விட்டு வேறு தெருவாகச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. ஜனநாயகக் கட்சி ஜெயித்துவிட்டது. லூதரை நாற்காலியில் அமுக்கிச் சோப்பு நுரை போட்டார்கள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று விளங்காமல் ஏமஸ் மூலையில் நின்றான். கதவு திறந்தது. வினிஃப்ரெட்.

"நீங்க வராம ஆப்பிள் பை எல்லாம் காயுது. துணிய எடுங்க."

"வேணாம் அம்மணி."

"தழும்பு பத்தி புதன்கிழமையே ஊரு சொல்லிருச்சு. எடுங்க, பாப்போம்."

எடுத்தான். கண்ணாடி வாங்க வந்தவள்போல அப்படியும் இப்படியும் பார்த்தாள்.

"இதுக்கா தெரு மாத்தி நடந்தீங்க? இத்தனை நாளா மீசைல பாகு ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க, சொல்லவும் முடியாம நான் பட்ட பாடு! காஸ்பர், மீதியையும் எடுங்க."

"நான்தானே ஜெயிச்சேன், அம்மணி?"

"தெரியும். இந்த வருசம் இங்க பொம்பளைங்களுக்கும் ஜனாதிபதி ஓட்டு உண்டே. நானும் போட்டேன், உங்க கட்சிக்கு இல்ல." அவள் கையுறையைக் கழற்றினாள். "அப்ப தோத்தவ நானு. தள்ளுவண்டி எங்க இருக்கு?"

"நம்ம ரெண்டு பேருக்கும் பந்தயமே கிடையாதே!"

"இப்ப வச்சுக்குவோம்."

காஸ்பர் லூதரைப் பாதியில் விட்டுவிட்டு ஏமஸின் மீதி மீசையை வழித்தான். மொழுமொழுவென்ற முகத்தோடு ஏமஸ் தள்ளுவண்டியில் ஏறினான். இறங்குவதற்குள் கல்யாணம் கேட்டுவிட வேண்டும் என்று உதடு துடித்தது.

"யோவ், எனக்கு இன்னும் பாதிதான்யா ஆயிருக்கு!" என்று நுரைக்குள்ளிருந்து லூதர் கத்தினான். காஸ்பர் கத்தியோடு வாசலில் நின்று ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.