ஒன்பது வருஷம் சரியாகாத துப்பாக்கி

சால்மன் ஊரில் துப்பாக்கி ரிப்பேர் என்றால் என் பேரைத்தான் சொல்வார்கள். வெர்ல் கைவைத்தால் மறுபடி கொண்டுபோக வேண்டியதில்லை என்பார்கள். நோரீன் என்கிற பண்ணைக்காரியின் ரைஃபிள் விஷயத்தில் மட்டும் அது பச்சைப் பொய். ஒன்பது வருஷமாக அது சரியாகிவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

அதன் கோளாறு முதல் நாளே தெரிந்துவிட்டது. குழலைத் தாங்கும் வால்நட் மரக்கட்டை பனியிலும் மழையிலும் உப்பி, குழலை ஒரு பக்கமாகத் தள்ளியது. நூறு கஜத்தில் வித்தியாசம் தெரியாது. முன்னூறு கஜத்தில் குண்டு ஒரு சாண் விலகிப் போகும். வைத்தியமும் தெரியும். கட்டைக்குள் கொஞ்சம் மரத்தைத் தோண்டி எபாக்சி பசையை ஊற்றி, துப்பாக்கியின் இரும்புப் பாகத்தை அதில் அமுக்கி வைத்தால் பசை கல்லாக இறுகும். அந்த இரும்புக்கென்றே அளவெடுத்த படுக்கை அமைந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அசையாது.

அசையாவிட்டால் அவள் எதற்கு வருவாள்?

கணவன் இறந்த மறுவருஷம்தான் முதலில் வந்தாள். லெம்ஹாய் பள்ளத்தாக்கில் இருநூறு மாடுகளை ஒண்டியாக மேய்க்கிறவள். வேட்டைக் காலத்துக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு நாள் வருவாள். நான் திருகாணியை இறுக்கி, மரத்தை இரண்டு இழுப்பு இழைத்து, குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருகித் தருவேன். ஒரு மணி நேர வேலையை மதியம் முழுக்க இழுப்பேன். என் காபி தார் மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே மூன்று கப் குடிப்பாள். மற்ற நாளெல்லாம் அந்த ஒரு மதியத்தை நினைத்துத்தான் ஓடியது. அறுபத்திரண்டு வயதில் இப்படி ஏங்குவது வெட்கக்கேடுதான். ஆனாலும் ஏங்கினேன்.

இந்த வருஷம் ஆகஸ்டிலேயே வந்து நின்றாள். மலையாட்டு வேட்டைக்கான குலுக்கலில் அவள் பேர் விழுந்திருந்தது. ஆயுளில் ஒரே முறை கிடைக்கும் அனுமதி. முகட்டில் நிற்கும் கடாவைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து, முன்னூறு கஜத்தில் சுட வேண்டும். என் காபியைக்கூட அவள் திட்டவில்லை.

"இந்தத் தடவை எனக்குத் தப்பக் கூடாது, வெர்ல்" என்றாள்.

அவள் போனதும் மரத்தைத் தோண்டினேன். பசை ஒட்டிக்கொள்ளாமலிருக்க இரும்பு முழுக்க ஷூ பாலிஷ் பூச வேண்டும். கட்டைவிரல் அகலம் விட்டுப்போனாலும் இரும்பும் மரமும் பிறகு பிரியாது. விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. புதுக் கட்டை செய்கிறேன் என்று மாதக்கணக்கில் அவளை வரவழைக்கலாம். என்னையே காறித் துப்பிக்கொண்டு, இரண்டாம் முறையும் பாலிஷ் பூசினேன்.

மறுநாள் மரச்சுத்தியால் ஒரே தட்டு. இரும்பு சுத்தமாகக் கழன்று வந்தது. என் வாழ்நாளில் அப்படியொரு படுக்கை அமைந்ததில்லை.

சுட்டுப் பார்க்க மைதானத்துக்கு நானும் போனேன். முன்னூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒரு கோழிமுட்டை அளவுக்குள் விழுந்தன. நோரீன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. துப்பாக்கியை நான் என்ன செய்தேன் என்று பிறகு கேட்டாள். சொன்னேன். எவ்வளவு நேரம் பிடித்தது என்றாள். ஒரு நாள் என்றேன்.

"அப்போ இதை முதல் வருஷமே பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

"பண்ணியிருந்தா நீங்க திரும்பி வந்திருக்க மாட்டீங்க."

அவள் காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"மூணு வருஷம் முன்னாடி ஒரு எல்க் மானை வயித்துல சுட்டுட்டேன். ரெண்டு நாள் ரத்தத்தப் பாத்துக்கிட்டே பின்னால போனேன், கெடைக்கல. எங்கேயோ கெடந்து துடிச்சுச் செத்திருக்கும். என் கைதான் போயிடுச்சுன்னு நெனச்சேன். இத்தன நாளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் ரைஃபிளை வண்டியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்களப் பாக்க வர்றதுக்குத் துப்பாக்கி எதுக்கு, வெர்ல்? சும்மா கூப்பிட்டிருந்தாலே வந்திருப்பேனே."

கடாவை ஒரே குண்டில் வீழ்த்தினாள் என்று பிறகு கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவள் பண்ணை இங்கிருந்து முப்பது மைல்தான். தினமும் வண்டிச் சாவியைக் கையில் எடுக்கிறேன். போய் நிற்க இப்போது என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.