பதினான்காம் பாடம்

நல்லசிவம் அந்தப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வாரமே ஏமாந்தார். ஆறாம் வகுப்புப் பையன்கள் ஆங்கிலப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசித்தார்கள். விரல் வரியின் மேல் நகர்ந்தது. உடல் முன்னும் பின்னும் ஆடியது. பக்கம் முடியும் இடத்தில் சரியாகப் புரட்டினார்கள். திருநெல்வேலியில் அவர் பார்த்த எந்த வகுப்பும் இப்படி வாசித்ததில்லை.

இரண்டாம் வாரம் ஒரு பையனின் அருகில் நின்று கவனித்தார். அவன் ஏழாம் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தான். அண்ணனிடமிருந்து வந்த பழைய புத்தகம். அதில் ஏழாம் பாடம் இல்லை, தாள் கிழிந்து போயிருந்தது. பையனின் விரல் எட்டாம் பாடத்தின் மேல் ஓடியது.

நல்லசிவம் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதினார். ஏழாம் பாடத்தில் பலமுறை வரும் சொல்தான்.

"ஏலே, இது என்ன?"

பையன்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு முன்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"எந்தப் பாடம்னு சொல்லுங்க சாரே. மொதல்லேருந்து ஓதி அங்க வந்துடறேன்."

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது பள்ளி. தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது. பையன்கள் விடிந்ததும் மதரசாவில் ஓதிவிட்டு வருவார்கள். அங்கே உஸ்தாது சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி மனத்தில் பதிய வைப்பது முறை. பதிந்ததைப் பிழையில்லாமல் ஓதுவது பெருமை. முன்பிருந்த ஆசிரியர் ஆங்கிலத்தையும் அதே வழியில் ஏற்றிவிட்டிருந்தார். அவருக்கு அது சுலபமாக இருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் தகப்பன்மார் வந்து வகுப்பு வாசலில் நின்று கேட்பார்கள். மகன் இங்கிலீசு ஓதுகிறான் என்று நிறைவோடு திரும்புவார்கள்.

நல்லசிவம் எழுத்திலிருந்து தொடங்கினார். அடுத்த வியாழக்கிழமை தகப்பன்மார் வந்து நின்றபோது, முழுப் பாடம் சொன்ன பிள்ளைகள் மூன்றெழுத்துச் சொல்லில் திணறிக்கொண்டிருந்தார்கள்.

மானேஜர் நைனா முகம்மது மிளகு வியாபாரி. சத்தம் போடாதவர். சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"மாஷே, வண்டி ஓடிட்டு இருந்துச்சு. நீங்க நிறுத்தி சக்கரத்தைக் கழட்டுறீங்க."

"பையன்களுக்கு ஒரு எழுத்து தெரியலைங்க."

"தெரியலைன்னு எனக்குத் தெரியாதா? நானே அப்படித்தான் படிச்சேன்." சிரித்தார். "மழைக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவர் நல்லபடியா எழுதினாத்தான் சர்க்கார் கிராண்ட். கிராண்ட் வந்தாத்தான் உங்க வேலை ஸ்திரம். அது கழிஞ்சு நீங்க மணல்ல எழுதிக்கூடப் படிப்பிச்சுக்கோங்க. யாரு கேக்கப் போறா?"

நல்லசிவம் சாயாவைக் குடித்து முடித்தார். இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் வேலை நிலைக்காமல் வெளியேறியவர். வீட்டில் மனைவி வீரலட்சுமிக்கு ஏழாம் மாதம். மறுநாள் ஒன்பதாம் பாடத்தை அவர் சொல்ல, பையன்கள் திருப்பிச் சொன்னார்கள்.

ஒருவனுக்கு மட்டும் ஏறவில்லை. ரஷீது. மனப்பாடம் அவனுக்கு எங்கேயும் வராது, மதரசாவிலும் அதற்காக அடி வாங்குபவன். அன்று மாலை எல்லோரும் போன பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"என்னலே, போகலியா?"

"எழுத்து படிப்பிச்சீங்களே சாரே. பாதியில விட்டுட்டீங்க."

அவன் அண்ணன் சுக்குக் கிட்டங்கியில் வேலை செய்தான். இஞ்சியைச் சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைக்கும் இடம். அண்ணனுக்குக் கைத்தோல் உரிந்திருக்கும். கண் எப்போதும் சிவந்து நீர் வடியும். தகப்பன் சிகாபுதீன் அங்கேயே மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் தேறியவன் என்று சொன்னால் ரஷீது படிக்கட்டும், கீழ் வகுப்பில் உட்காரச் சொன்னால் அன்றைக்கே கிட்டங்கி என்று அவர் சொல்லியிருந்தார். பள்ளி முழுக்க அது தெரியும்.

மாலைதோறும் நல்லசிவம் அவனை இருத்திச் சொல்லிக்கொடுத்தார். மானேஜருக்குத் தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை. ரஷீது ஒவ்வொரு சொல்லின் முன்னும் நின்றான். உதடு ஓசையில்லாமல் அசையும். சொல் பிடிபட்ட பிறகுதான் விரல் நகரும். தவறினால் நல்லசிவம் அந்தச் சொல்லின் மேல் பென்சிலை வைப்பார், அவன் மறுபடி முயல்வான். பென்சில் வைக்க வேண்டிய இடங்கள் குறைந்துகொண்டே வந்தன.

வகுப்பில் அவன் முறை வரும்போது பையன்கள் குரல் கொடுத்தார்கள்.

"கைவண்டி வருது, ஒதுங்குங்கடா!"

"ஏத்தம்டா, ரெண்டு பேரு பின்னால தள்ளுங்க!"

ரஷீதும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவான்.

இன்ஸ்பெக்டர் வெங்கிடாசலம் பாலக்காட்டுக்காரர். ஜலதோஷத்தோடு வந்தார். மாலைப் படகைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததும் சொன்னார். நல்லசிவம் ரஷீதைக் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்.

முன்வரிசை ஒன்பதாம் பாடத்தை வாசித்தது. விரல்கள் வரியில் ஓடின.

"பேஷ். தண்ணி மாதிரின்னா போறது," என்றார் இன்ஸ்பெக்டர். வாசலில் நின்ற மானேஜர் தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டர் நடந்து தூணைத் தாண்டினார்.

"நீ ஏன் இங்க ஒளிஞ்சுண்டிருக்கே? எழுந்திரு. உனக்குப் பிடிச்ச பாடம் ஏதாவது வாசி."

ரஷீது புத்தகத்தைப் புரட்டினான். பதினான்காம் பாடத்தில் நிறுத்தினான். கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பாடம். அதை நல்லசிவம் யாருக்கும் நடத்தியதில்லை, அவனுக்கும் இல்லை.

அவன் வாசித்தான். ஒரு சொல், நின்றான். அடுத்த சொல். நீளமான சொல் ஒன்று வந்தது. உதடு அசைந்தது, நேரம் போனது, சரியாகச் சொன்னான். முன்னால் யாரோ "கைவண்டி" என்றான். சிரிப்பு எழுந்து அடங்கியது. ரஷீது விடவில்லை. ஒரு சொல்கூடத் தவறவில்லை.

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"போறும், உட்காரு." நல்லசிவத்தின் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாவம், எழுத்துக்கூட்டத்தான் வரது. மத்தவாளோட இவன் எப்படி ஓடுவான்? ஒரு வருஷம் கீழ உட்காரட்டும்."

அது நடத்தாத பாடம் என்று சொன்னால் போதும். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தை முன்வரிசையிடம் நீட்டுவார். முன்வரிசை எழுந்து நிற்கும். நின்றுகொண்டே இருக்கும்.

"சரி சார்," என்றார் நல்லசிவம்.

இன்ஸ்பெக்டர் படகுத்துறைக்குப் போன சற்று நேரத்தில் சிகாபுதீன் மானேஜர் அறைக்கு வந்தார். வேட்டியிலும் கையிலும் சுண்ணாம்பு. ரஷீதைத் தோளில் பிடித்து முன்னால் நிறுத்தியிருந்தார்.

"சாரே, அவரு ஒரு நாள் வந்துட்டுப் போறவரு. நீங்க சாயங்காலம் சாயங்காலம் இவனை வச்சுப் படிப்பிச்சவரு. எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் படிப்பேன்னு இவன் சத்தியம் பண்றான். நான் கைநாட்டு, எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க. இவனுக்குப் படிக்க வருமா வராதா?"

நல்லசிவம் மானேஜரைப் பார்த்தார்.

"வரும்னா வரும்னு சொல்லுங்க. படகு இன்னும் எடுக்கலை. நான் ஓடிப்போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன். இன்னொருக்கா கேக்கட்டும். இவனையும் கேக்கட்டும், மத்த பிள்ளைங்களையும் கேக்கட்டும். அப்புறம் அவரு என்ன சொன்னாலும் சம்மதம்."

மானேஜர் நல்லசிவத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான்," என்றார் நல்லசிவம்.

 சிகாபுதீன் மகனின் தோளை விட்டார்.

"மதி, போதும். அப்ப எதுக்குடா சத்தியம் பண்ணினே?"

ரஷீது அழவில்லை. புத்தகத்தைத் திறந்து ஆசிரியரின் முன்னால் நீட்டினான்.

"எந்த வார்த்தை சாரே தப்பாப் போச்சு?"

நல்லசிவத்தின் சட்டைப் பையில் பென்சில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"சாரைத் தொந்தரவு பண்ணாதே. வா," என்றார் சிகாபுதீன்.

அவர் முன்னால் நடந்தார். ரஷீது பின்னால் போனான். வாசலைத் தாண்டும்போதும் புத்தகத்தை மூடவில்லை. பதினான்காம் பாடத்தின் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, தப்பான இடத்தைத் தேடிக்கொண்டே நடந்தான்.