கைக்குப் பதில் வைத்த துணி

"வயித்துக்குள்ள துணியை வச்சு மூடிப்போட்டினமாம் அக்கா!"

செல்வராசா போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி விறாந்தையே திரும்பிப் பார்த்தது. பரந்தனில் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு நின்ற ஆட்களை அப்படியே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்து, அக்கா கமலாசனியின் மகள் யதுர்ஷிகாவின் பிரசவத்துக்கு இரத்தம் கொடுக்க வைத்தவன் அவன். அவர்களுடைய சாரங்களில் நெல்தூசி இன்னும் போகவில்லை.

"ஆரடா சொன்னது?" என்றாள் கமலாசனி.

"உள்ளுக்க இருந்து வந்த நேர்ஸ் இரஞ்சிதம். பேப்பரில எத்தினை வாசிக்கிறம்! மறந்துபோய் விட்டிட்டினம். நான் சும்மா விடமாட்டன்."

"கத்தாதை. பிள்ளை உயிரோட இருக்கிறாளோ எண்டு கேட்டனியோ?"

அதை அவன் கேட்டிருக்கவில்லை.

கதவு திறந்தது. சத்திரசிகிச்சை செய்த றிஸ்மியா டொக்டர் வந்தார். மெலிந்த, சின்ன உருவம்.

"மறக்கேல்லை ஐயா. தெரிஞ்சுதான் வச்சனான். இருங்கோ, சொல்லுறன். ஆம்பிளைப் பிள்ளை, சுகமா இருக்கு. நச்சுக்கொடிதான் கழலேல்லை. கருப்பைக்குள்ள வேர்விட்டு இறங்கியிருந்தது. கருப்பையை எடுத்தும் இரத்தம் நிக்கேல்லை."

"கட்டியிருக்கலாமே?"

"ஒரு இரத்தக்குழாயெண்டால் கட்டலாம். கட்டக்கூடியதெல்லாம் கட்டினன். பிறகு இடுப்புக்குள்ள எல்லா இடத்தாலும் கசியுது. போன இரத்தத்தோட உறையிற சக்தியும் போயிட்டுது. எங்கயெண்டு தையல் போடுறது?"

"அப்ப?"

"துணியை வச்சுக் கையால அமத்தினன். நிண்டுது. கையை எடுத்தன், திரும்ப வந்தது. திரும்ப அமத்தினன்." தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். "என்ர கையை உள்ளுக்க விட்டிட்டு வரேலாது. அதான் துணியை இறுக்கி அடைச்சுவிட்டு வந்தன். இரத்தம் உறையத் தொடங்கட்டும், திரும்பத் திறந்து எடுப்பம்."

செல்வராசாவின் குரல் இறங்கியது. "எடுக்கேக்க திரும்பப் பெருகினா?"

"பெருகலாம். உங்கட ஆக்கள் தந்த இரத்தம் இப்ப அவவுக்குள்ள ஓடுது. அது வேலை செய்யவேணும்."

அன்றிரவு மட்டுமல்ல, அடுத்த நாளும் கமலாசனி விறாந்தையை விட்டு அசையவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் யதுர்ஷிகாவைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறிய பிறகுதான் இரஞ்சிதம் வெளியே வந்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"ஒட்டினது பிய்யாமல் டொக்டர் துணியை நனைச்சு நனைச்சு ஒவ்வொண்டா எடுத்தா, அம்மா. கடைசித் துணியும் வந்திட்டுது. எல்லாரும் அந்த இடத்தையே பாத்துக்கொண்டு நிண்டம்."

"சொல்லு பிள்ளை!"

"ஒரு சொட்டும் வரேல்லை. அண்டைக்கு அப்பிடிப் பெருகின இடமோ எண்டு இருந்துது."

கமலாசனி அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். செல்வராசா தொண்டையைச் செருமினான். "துணியெல்லாம்..."

"எண்ணியாச்சு மாமா. ஒண்டும் குறையேல்லை. கொண்டுவந்து காட்டட்டோ?"

"ஐயோ, வேண்டாம் பிள்ளை."

டொக்டர் அந்தப் பக்கமாக வந்தார். கமலாசனி எழுந்து போய் அவருடைய வலது கையைப் பிடித்தாள். திருப்பினாள். உள்ளங்கை சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி வெளிறிச் சுருங்கியிருந்தது.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. பெரிய கையா இருக்குமெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."