மூலப் பிரதியின் முதுகு

மூன்று தபால்தலைகளையும் டைப்பிஸ்ட் அக்கா கறுப்பு அட்டையில் குப்புறப் படுக்க வைத்திருந்தாள்.

"மூணு பேரும் ரெடி மேடம். ஊசி போட வேண்டியதுதான் பாக்கி" என்றாள்.

ஊசி என்று அவள் சொன்னது ரப்பர் முத்திரையை. மாலை நாலு மணிக் கூட்டத்தில் அஞ்சல்தலை ஆய்வுக் குழுவின் தலைவர் ஊதா மையைத் தொட்டு, "போலி" என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பதிப்பார். அதற்குப் பிறகு அந்தத் தபால்தலைக்கு இந்த உலகத்தில் வாழ்வு கிடையாது. மூன்றுக்கும் தீர்ப்பு எழுதியவள் லென்ஸ் மேடம். பத்தொன்பது வருடங்களாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து பிறர் ஆசைகளைப் பெரிதாக்கிப் பார்த்ததில் கிடைத்த பெயர் அது. வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடைசியாக ஒரு முறை சரிபார்க்கலாம் என்று விளக்கைப் போட்டாள். விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. பல்பு போய்விட்டது. அட்டையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெயில் ஜன்னல் கம்பியின் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கண்டாள்.

மூன்று முதுகிலும் மெல்லிய மேடுகள். நடுவில் வட்டம், வட்டத்தைச் சுற்றிச் சட்டம், சட்டத்தின் மூலைகள். முன்பக்கத்தில் ரோஸ் நிறத்தில் இருந்த படம், பின்பக்கத்தில் நிறமே இல்லாமல், ஆறிப்போன தழும்புபோல எழும்பி நின்றது. மேலேயிருந்து நேராக விழும் விளக்கு வெளிச்சத்தில் இத்தனை நாள் அது தெரியவே இல்லை.

அச்சுக்கட்டையில் மை தடவித் தாளை அழுத்தினால்தான் முதுகில் இப்படி மேடு வரும். இந்த மூன்றும் எவை என்று சொல்லி அனுப்பப்பட்டனவோ, அந்தக் கொரியாவின் முதல் தபால்தலைகள் அப்படி அடிக்கப்பட்டவை. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில் அங்கே முதல் அஞ்சலகம் திறந்தார்கள். சில வாரங்களுக்குள் கலவரம் வந்து மூடிவிட்டார்கள். தபால்தலைக்கு ஆயுசு குறைவு, ஆசைப்பட்டவர்கள் அதிகம். ஆகவே போலிகள் புற்றீசலாய்க் கிளம்பின. பெரும்பாலும் கல்லச்சில் அடித்தவை. கல்லச்சு தாளை அழுத்தாது, சும்மா தடவிவிட்டுப் போகும். முதுகு வழுவழுவென்று இருக்கும்.

பிறகு ஏன் போலி என்று எழுதினாள்? மூலப் பிரதியோடு ஒத்துப்போகவில்லை என்பதால். அசல் இப்படித்தான் இருக்கும் என்று ஒப்பிடக் குழு வைத்திருந்த தபால்தலைதான் மூலப் பிரதி; அதில் சட்டத்தின் இடது மூலைக் கோடு உடைந்திருக்கும். இந்த மூன்றிலும் கோடு முழுதாக ஓடியது. மூன்றும் மூன்று ஊர்களிலிருந்து வந்தவை. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்வார்களா? சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால், எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவன் தன் காதையும் ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும்.

"அக்கா, நம்ம மூலப் பிரதியோட முதுகை நீங்க பார்த்திருக்கீங்களா?"

டைப்பிஸ்ட் அக்கா யோசித்தாள். "அது எப்படிப் பார்க்கிறது? முன்னால கண்ணாடி, பின்னால அட்டை. சுத்தி டேப் ஒட்டி, அது மேல நிறுவனர் கையெழுத்து. நான் தூசி மட்டும்தான் தட்டுவேன்."

யாருமே பார்த்ததில்லை. வருகிற தபால்தலையையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற அலுவலகத்தில், எதை வைத்து மற்றதையெல்லாம் அளந்தார்களோ அதை மட்டும் ஒருவரும் புரட்டவில்லை.

தலைவர் கூட்ட நாளில் மதியமே வந்து பத்திரிகை படிப்பவர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். தபால்தலையையும் முதலில் ஓரத்துப் பல்லைப் பார்த்துத்தான் விசாரிப்பார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பத்திரிகையை மடித்தார்.

"போலி அடிக்கிறவன் அச்சுக்கட்டையிலயும் அடிக்கலாமே மேடம்?"

"அடிக்கலாம் சார். அதனாலதான் மூலப் பிரதியைப் பிரிச்சு அதோட முதுகைப் பார்க்கணும்ங்கிறேன்."

"ஏழாவது விதி என்ன சொல்லுது?"

அவளுக்கு மனப்பாடம். ஏற்கெனவே தரப்பட்ட சான்றை எதிர்த்து, உரிமையாளர் தபால்தலையோடு நேரில் வந்து எழுதிக்கொடுத்தால் மட்டுமே மூலப் பிரதியைத் திறக்கலாம்.

"நாப்பது வருஷத்துல ஒருத்தரும் வரலை. இந்த மூணுக்கும் இன்னும் சான்றே குடுக்கலை, அதனால இவங்க எதிர்க்கவும் முடியாது. நாலு மணிக்குள்ள யாரையாவது கூட்டிட்டு வாங்க, நானே பிரிக்கிறேன். இல்லைன்னா முத்திரைதான். விதின்னா விதி." பத்திரிகையை மறுபடி விரித்தார்.

ஒரே ஒருவர் இருந்தார். அதே கோடு, அதே ரோஸ் நிறம், அவளுடைய கையெழுத்தில் முதல் சான்று. அவளுடைய அண்ணன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல இருந்தது. பயம் என்று முதலில் நினைத்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு அது சந்தோஷம் என்று புரிந்தது. தான் தப்பு செய்திருக்கலாம் என்பதில் ஒரு மனுஷிக்கு இத்தனை சந்தோஷம் வருமா? வந்தது. கூடவே அந்தப் பழைய நாளும் வந்தது.

வேலையில் சேர்ந்து இரண்டே மாதம். அண்ணன் ஒரு கப்பல்காரரிடம் ஆசையாக வாங்கிய தபால்தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தான். படிப்பில், பாட்டில், சைக்கிளில் எல்லாவற்றிலும் அவன் முதல், அவள் பின்னால். அன்று முதல்தடவையாக அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "முதுகைத் தடவிப் பாருடி, இது அழுத்தி அடிச்சது" என்றான். அவள் சிரித்தாள். "அண்ணா, இது உன் அச்சாபீஸ் பில் புக் இல்ல" என்றாள். போலி என்று எழுதினாள். எழுதும்போது விரல் நுனிவரை ஓடிய ஓர் இனிப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே இன்றுதான் சொல்லிக்கொள்கிறாள்.

விஷயம் சொந்தக்காரர்களிடம் போனது. சும்மா இருந்தவர்கள் வாய்க்கு அவல் கிடைத்தது. அண்ணனுக்குக் "கள்ள ஸ்டாம்பு" என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் தபால்தலையைப் பற்றிப் பேசவில்லை. அவளிடம் கோபப்படவும் இல்லை. "டி" போய், "நீங்க" வந்தது. அவ்வளவுதான். கதவைச் சாத்துகிற சத்தமே கேட்காமல் சாத்திவிட்டான்.

அச்சகத்தில் மூன்று இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி காகிதக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அட, நாத்தனார் அம்மா! மழை வரப்போகுதா என்ன?"

"அண்ணி, அண்ணன் எங்க? அவசரம்."

அண்ணன் ட்ரெடில் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து, கை மையைத் துணியில் துடைத்தபடி வந்தான். "வாங்க. எல்லாரும் சௌக்கியமா?"

"அண்ணா, என் மேல ஒரு புகார் எழுதிக் குடு."

"என்னது?"

"புகார். நான் குடுத்த சான்று தப்புன்னு. இப்பவே என்கூட வந்து, நாலு மணிக்குள்ள தலைவர்கிட்ட குடுக்கணும்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி எண்ணிக்கையை விட்டுவிட்டாள். "இத்தனை வருஷமா நான் இவளைப் பத்திச் சொன்ன புகாரெல்லாம் ஒருத்தரும் கேக்கலை. இப்ப இவளே வந்து கேட்டு வாங்கிட்டுப் போறா" என்றாள்.

தங்கை நடந்ததைச் சொன்னாள். பல்பு போனது, வெயில் விழுந்தது, மேடு தெரிந்த மூன்று முதுகு, யாரும் பார்க்காத ஒரு முதுகு. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னாள். அண்ணன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சுங்க."



"பொய் சொல்லாதீங்க" என்றாள் அண்ணி. "ஈயெழுத்துப் பெட்டியில ஙூ அறையில கிடக்குது. கேட்டா, அந்த எழுத்தை வச்சு எவனும் நோட்டீஸ் அடிக்கப் போறதில்ல, பத்திரமா இருக்கும்னு சொல்றாரு. மாசம் ஒருதரம் எடுத்துப் பார்க்கிறதும் எனக்குத் தெரியும்."

அண்ணன் அண்ணியை முறைத்தான். அந்த முறைப்பை அவள் சட்டை செய்யாமல் உள்ளே போய் ஒரு சின்ன உறையைக் கொண்டுவந்தாள். அதற்குள் மடித்த சான்றுத்தாளோடு தபால்தலை இருந்தது.

தங்கை இடுக்கியால் தபால்தலையை எடுத்துப் புரட்டினாள். ஊதா முத்திரை. "போலி." பத்தொன்பது வருடங்களுக்கு முன் தலைவர் கையைப் பிடித்து, "முதல் முத்திரை, நீங்களே போடுங்க" என்று சொல்ல, அவளே போட்டது. ஆனால் எழுத்து முழுதாக விழவில்லை. துண்டு துண்டாக இருந்தது. அன்று மை போதவில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது வாசல் வெளிச்சத்தில் சாய்த்தாள். மை மேடுகளில் மட்டும் ஏறியிருந்தது. பள்ளங்களைத் தொடவே இல்லை. போலி என்று அவள் வைத்த முத்திரை, வட்டத்தையும் சட்டத்தையும் ஊதா நிறத்தில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

"இதை நீ பார்த்தியா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அச்சடிக்கிறவனுக்கு முதுகு தெரியாதா?"

"அப்புறம் ஏன் வந்து எதிர்க்கலை? விதி இருக்கே!"

அண்ணன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "உங்க முதல் சான்று அது. முதல்லயே கோணல்னா வேலையில வச்சிருப்பாங்களா? எனக்கென்ன, ஸ்டாம்பு இல்லைன்னா மெஷின் ஓடாதா?" பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "மணி மூணே கால். ஸ்கூட்டர்ல போனா நாலுக்குள்ள போயிடலாம். காகிதம் குடும்மா, எழுதறேன்."

"குடும்மா" அண்ணியிடம் சொன்னது. தங்கைக்கு இன்னும் "நீங்க"தான்.

மூன்று ஐம்பத்தேழுக்குப் படியேறினார்கள். தலைவர் முத்திரையை ஊதா மையில் ஒற்றிக் கையில் தூக்கியிருந்தார். டைப்பிஸ்ட் அக்கா, "ஊசியை நிறுத்துங்க சார்!" என்று கத்தினாள். அந்த அலுவலகத்தில் அவ்வளவு பெரிய சத்தம் அதற்கு முன் எழுந்ததில்லை.

அண்ணன் கடிதத்தை மேசையில் வைத்தான். தலைவர் படித்தார். மறுபடி படித்தார். "எதிர்ப்பவர், எதிர்க்கப்படுபவரின் சகோதரர். ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல வந்திருக்கீங்க" என்றார்.

"ஒரே ஸ்கூட்டர்ல வரக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?" என்றான் அண்ணன்.

தலைவர் எழுந்து அலமாரியைத் திறந்து மூலப் பிரதியை எடுத்தார். பல் பிடுங்கிய பழைய கை. டேப்பை நுனியில் தூக்கி, கையெழுத்து கிழியாமல் உரித்தது. அட்டை விலகியது. உள்ளே ரோஸ் நிறத் தபால்தலை ஒரு காகிதக் கீற்றில் ஒட்டியிருந்தது. இடுக்கியால் புரட்டி, அவளோடு ஜன்னலுக்கு நடந்தார். வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாலு பேரும் தலையை ஒன்றாக முட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

வழுவழுவென்று இருந்தது. ஒரு மேடு இல்லை. கண்ணாடி மேல் ஊற்றிய தண்ணீர்போல வெயில் அதன்மேல் தடங்கலின்றி ஓடியது. அவள் லென்ஸை எடுத்து முன்பக்கத்தையும் பார்த்தாள். அச்சுக்கட்டை அழுத்தியிருந்தால் கோடுகளின் விளிம்பில் மை பிதுங்கி நிற்கும். அதுவும் இல்லை. கல்லச்சு. உடைந்த கோடு போலி அடித்தவனின் கல்லில் உடைந்தது.

பிறகு தலைவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப இதோட ஒத்துப்போகுதுன்னு சொல்லி என் வீட்டுல நான் மாட்டி வச்சிருக்கிறது?"

டைப்பிஸ்ட் அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கினாள். அடங்கவில்லை. தலைவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அறை முழுக்கச் சிரிப்பு. லென்ஸ் மேடத்துக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது; சிரிப்பால் வந்தது என்றே வைத்துக்கொண்டாள்.

அந்த மூன்றும் உறைக்குள் திரும்பிப் போயின, முத்திரை விழாமல். இதுவரை எழுதிய கொரியச் சான்றுகளையெல்லாம் தேடி எடுக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். பல மாத வேலை, பல பேரிடம் மன்னிப்பு. அவளுக்கு இப்போதே ஆரம்பிக்கத் தோன்றியது.

முதலில் இது. வெள்ளைத்தாளை இழுத்து எழுதினாள்: "நான் அளித்த முதல் சான்றைத் திரும்பப் பெறுகிறேன். தபால்தலை அசல். உரிமையாளர் அன்றே சரியாகச் சொன்னார். நான் கேட்கவில்லை." கடைசி இரண்டு வரியும் படிவத்தில் கிடையாது. அவை இல்லாமல் கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அச்சாபீஸ் கண், வரியை அளந்தது.

"ஏண்டி, கை நடுங்குது பாரு. வரி கோணலாப் போகுது. ஸ்கேல் வச்சு எழுதுடி."

அவள் அந்தத் தாளைக் கசக்கவில்லை. கோணலாகவே கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினாள்.