பதினோரு வருட டேக்

பதினோரு வருடமாக எங்கள் ஸ்டுடியோவில் ஒரு பாட்டுக்கான டேக் போய்க்கொண்டிருக்கிறது. கூடத்தில் நாற்பது வயலின்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பது வில்லும் தந்திக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கின்றன. எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்திருக்கிறார்கள். இன்னும் விடவில்லை.

மூன்றாவது வரிசை, இரண்டாவது நாற்காலி என் மனைவி பெர்னதெத். நான் ரெக்கார்டிங் இன்ஜினியர். கூடத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே யாரும் அசையக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. இசையமைப்பாளர் மைக்கில் "ஓகே" சொன்னால்தான் விளக்கு அணையும். அன்றைக்கு இசையமைப்பாளர் சௌரி சார், டேக் ஆரம்பித்த மூன்றாவது விநாடியில் எழுந்துகொண்டார்.

"ஒரு நிமிஷம் லூர்து. வீட்ல போட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

அந்த வருடம்தான் எல்லோரும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் வாங்கியிருந்தார்கள். சௌரி சார் திரும்பி வரவில்லை. இசையமைப்பாளர் ஒரு நிமிஷம் என்றால் இன்ஜினியர் கடிகாரம் பார்ப்பது மரியாதை இல்லை. நானும் பார்க்கவில்லை. அது என் தப்புதான்.

ஒருமுறை ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து ஏணியில் ஏறிப் பார்த்தார்.

"இது கரண்ட்ல எரியல சார்."

"பின்ன?"

"சௌரி சார்கிட்டேருந்து எரியுது."

என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் முதலாளி இடத்தை விற்றுவிட்டார். அடுக்குமாடி வருகிறது. வியாழக்கிழமை வேலை ஆரம்பம். பில்டர் வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஆளுங்க இருக்காங்களே," என்றேன்.

"இருக்கட்டும் சார். தூணுக்கு ஆகும்."

வரைபடத்தை விரித்துக் காட்டினார். நாற்பது பேருக்கும் எண் போட்டிருந்தது. பெர்னதெத் இரண்டாவது மாடி சமையலறையைத் தாங்குவாள்.

"சிங்க் எந்தப் பக்கம் வருது?"

"இடது தோள்."

இடது தோளில் அவளுக்கு ஏற்கெனவே வலி உண்டு. அதைச் சொன்னேன். அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை சௌரி சார் வீட்டுக்குக் கிளம்பினேன்.

சாலிகிராமத்தில் எல்லா வீட்டு வாசலிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லா வீட்டிலும் ரெக்கார்டிங். அதனால் தெருவில் சத்தம் கூடாது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு என்னை உட்காரவைத்துத் தள்ளினார். பாதி வழியில் அவர் உட்கார்ந்தார், நான் தள்ளினேன். கீரைக்காரம்மா வாயைப் பெரிதாகத் திறந்து கூவினார். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுப் பெண்கள் உதட்டைப் பார்த்து முருங்கைக்கீரை என்று தெரிந்துகொண்டார்கள். பதினோரு மணிக்குக் குக்கர் விசிலுக்கு அனுமதி உண்டு. ஊரே சேர்ந்து பத்து நிமிடம் விசில் அடித்து ஓய்ந்தது.

எங்கள் ஸ்டுடியோவின் சுவர் ஒன்றரை அடி கனம். சத்தம் வராமலிருக்கவே கட்டியது. அங்கே ஒருத்தரும் வருவதில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

சௌரி சாரின் குடியிருப்பு வாசலில் காவலாளி மறித்தார்.

"செருப்பையும் இருமலையும் இங்க வச்சுட்டுப் போங்க."

வைத்தேன். டோக்கன் கொடுத்தார்.

மூன்றாவது மாடியில் கடைசி வீடு. நான் நடக்க நடக்க உள்ளே எங்கேயோ யாராவது ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தாழ்வாரத்தில் ஒரு கதவு கூடியது. மதியம் இரண்டு மணிக்குத்தான் கடைசிக் கதவு வந்தது.

சௌரி சார் பீரோவுக்குள் இருந்தார். மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். பீரோவுக்கு ஏற்ற அளவில் இருந்தார்.

"உள்ள வாங்க லூர்து. கதவ சாத்துங்க. எதிரொலிக்குது."

புடவைகளுக்கு நடுவே நின்றேன். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. நல்லவேளை, இருமல் கீழே இருந்தது.

"ஹால்ல நாப்பது பேர் வெயிட் பண்றாங்க சார்."

"யாரு?"

"வயலின்."

"வயலின் இங்க இருக்கே," என்று லேப்டாப்பில் ஒரு கட்டையை அழுத்தினார். நாற்பது வயலின் வாசித்தன. கையை எடுத்தார். நின்றுவிட்டன.

"கேளுங்க. வாசிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வருது பாருங்க. அன்னிக்கு உங்க ஹால்ல மூணு செகண்ட் எடுத்தோமே, அதுல கெடச்சது. மத்ததெல்லாம் மெஷின். இந்த மூச்ச வச்சாத்தான் பாட்டுக்கு உசுரு வருது. முந்நூறு பாட்டுல போட்டுட்டேன்."

அழுத்தினார். எனக்குத் தெரிந்த மூச்சு. பதினோரு வருடமாக என் பக்கத்துத் தலையணையில் இல்லாத மூச்சு.

"அது என் வீட்டுக்காரி சார்."

"அப்படியா? நல்லா மூச்சு விடறாங்க."

"விடல சார். இழுத்ததோட இருக்கா."

அவர் மறுபடி அழுத்தினார். இழுத்தாள். மறுபடி அழுத்தினார். மறுபடியும் இழுத்தாள். போதும் சார் என்று கையைப் பிடித்துவிட்டேன். முப்பது வருட சர்வீஸில் ஒரு இசையமைப்பாளரின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு அவங்கள தூணாக்கப் போறாங்க. நீங்க ஓகே சொன்னாப் போதும்."

சௌரி சார் யோசித்தார்.

"அதச் சொல்லி ரொம்ப நாளாச்சு லூர்து. இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல. எப்ப வேணா மாத்திக்கலாம். இந்தப் பாட்டே இருநூத்திப் பதினாலாவது வெர்ஷன்."

"ஒரு தடவ சொல்லுங்க சார்."

"வர முடியாது. பீரோவ விட்டு எறங்கினா சவுண்ட் மாறிடும். பதிவு பண்ணித் தரேன்."

பண்ணினார். அவருக்கே பிடிக்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். அறுபது முறை சொன்னார். பன்னிரண்டாவதிலிருந்து "ஓ"வையும் நாற்பத்தொன்றாவதிலிருந்து "கே"யையும் எடுத்து ஒட்டினார். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

"கடைசில கொஞ்சம் எடம் விட்டிருக்கேன். வெட்டின மாதிரி தெரியக் கூடாதுல்ல. இயல்பா இருக்கட்டும்."

முப்பது வருடத்தில் போட்டுக் கேட்காமல் நான் எதையும் வெளியே கொண்டுபோனதில்லை. அன்றைக்கு அவசரம். கேட்கவில்லை.

கீழே காவலாளி டோக்கனை வாங்கிக்கொண்டு வேறு யாருடைய இருமலையோ கொடுத்துவிட்டார். மாற்றிக் கேட்க நேரமில்லை. வழியெல்லாம் ஒரு கிழவரைப்போல் சத்தமில்லாமல் இருமிக்கொண்டே ஓடினேன்.

ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. பென்டிரைவைச் செருகினேன். கூடத்துக்குப் போகும் மைக்கைத் திறந்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

"ஓகே," என்றது சௌரி சாரின் குரல்.

விளக்கு அணைந்தது.

நாற்பது வில்லும் இறங்கின. நாற்பது பேரும் மூச்சு விட்டார்கள். கூடத்திலிருந்த பதினோரு வருடத் தூசி ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. பெர்னதெத் இடது தோளைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். என் நரையைப் பார்த்து முகம் சுளித்தாள். கதவைத் திறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் முன்னாலிருந்த மைக்கில் பேசினாள்.

"ஏங்க, மாடில துணி காயுது. மழ வர்ற மாதிரி இருந்துச்சு. ஜெனியோட கவுன மட்டுமாவது—"

"சேஃப்டிக்கு இன்னொரு டேக் எடுத்துக்கலாம்," என்றது பென்டிரைவ்.

சௌரி சார் ஓகே சொன்னால் அடுத்து அதையும் சொல்வார். எப்போதும் சொல்வார். எனக்குத் தெரியும்.

விளக்கு எரிந்தது. நாற்பது வில்லும் ஏறின. பெர்னதெத் வாயை மூடினாள். மூச்சை இழுத்தாள். நிறுத்திக்கொண்டாள்.

பதிவை மறுபடி ஓட்டினேன். ஓகே என்றது. விளக்கு அசையவில்லை. ஒரு ஓகே ஒரு டேக்குக்குத்தான். பத்து முறை ஓட்டினேன். கண்ணாடியைத் தட்டினேன், உள்ளே கேட்கவில்லை. ஒன்றரை அடிச் சுவர் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

வாசலில் பில்டரின் ஆட்கள் சிமெண்ட் மூட்டைகளைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, நாளைக்கு என்பதுபோல் கைகாட்டினார்.

மேகம் போட்டிருந்தது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

மாடிக்கொடியில் ஒரு கவுன் இருந்தது. நாலு வயதுப் பிள்ளையின் கவுன், மஞ்சள் நிறம். இத்தனை நாள் எடுக்கும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்திருந்தது. எடுத்து மடித்தேன். கைக்குட்டை அளவுக்குத்தான் வந்தது. எங்கள் பெண் ஜெனிக்கு இப்போது பதினைந்து வயது.

வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. கீழே குளியலறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெனி உள்ளே டேக்கில் இருந்தாள்.

கவுனைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். மழை தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நானும் மழையும் காத்திருந்தோம்.