ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி

வியாழக்கிழமை மதியம் கதவைத் திறந்தால், என் மாமனார் பாட்சா ஒரு பெரிய தேக்சாவை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நின்றார். புனே கேம்ப்பில் ஒரு பிரியாணி மாஸ்டரிடம் வாடகைக்கு எடுத்ததாம். நாங்கள் இருக்கிற வாகட் பக்கம் ஃப்ளாட் கட்டுகிறவர்கள் நாலு பேருக்குச் சோறு பொங்குகிற அளவுக்குத்தான் சமையலறை கட்டுகிறார்கள். அந்தத் தேக்சா அடுப்பு மேடையிலும் நிற்கவில்லை, சிங்க்கிலும் இறங்கவில்லை. கடைசியில் அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வைத்தார். இனிமேல் பால் எடுப்பதென்றாலும் முதலில் அதை நகர்த்தியாக வேண்டும். நகர்த்தப்போவது நான்தான் என்பதால் அவருக்கு அதில் ஒரு சிரமமும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம நோம்புக் கஞ்சி நம்ம வீட்லம்மா. ஜமாத்துல சொல்லிட்டேன். நம்ம தமிழாளுக எல்லாரும் வருவாக" என்றார்.

"ஞாயித்துக்கெழம எனக்குப் பரீட்ச இருக்கு மாமா. போன வாரமே சொன்னேன்."

"அது கம்ப்யூட்டர்லதானம்மா? நீ வீட்லதான இருக்க."

இந்த மூன்று சொற்களை நான் கேட்காத நாள் கிடையாது. நான் வீட்டில்தான் இருக்கிறேன். ஆகவே கேஸ் சிலிண்டர்காரன் என் எண்ணுக்குத்தான் கூப்பிடுவான். எதிர் ஃப்ளாட்டின் கூரியரை நான்தான் வாங்கி வைப்பேன். என் மகள் நிதாவின் பள்ளி வேன் வராத நாளில் ஓடுவதும் நானே. கணவர் ஆசிஃப் ஹிஞ்சேவாடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அது வேலை. அதே கம்ப்யூட்டர் முன்னால் நான் படுக்கையறையில் உட்கார்ந்தால் அது வீட்டில் இருப்பது. அவர் கம்பெனி கார் டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் நிற்பதால் அவருடைய வேலைக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எனக்கு அந்த டிராஃபிக் கிடைக்கவில்லை.

நான் செய்வது மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாருக்கோ எலும்பு முறியும், யாருக்கோ நெஞ்சு வலிக்கும். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். கம்பெனி சென்னையில் இருக்கிறது. புனேயில் அதற்கு என் படுக்கையறைதான் அலுவலகம். இரண்டு கோப்புகளுக்கு நடுவே பருப்பை ஊறப்போட்டு, மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கி, துணி காய்கிற நேரத்தில் தவறுகளைத் திருத்தி, எட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். இந்த ஜனவரியில், முதல் கட்டக் கோடிங்கை இனி மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள். மெஷின் செய்ததைச் சரிபார்க்கிற ஆடிட்டர்கள் மட்டும் போதுமாம். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை. தேறினால் வேலை இருக்கும், தேறாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். ஏற்கெனவே வீட்டில் இருப்பவளை எந்த வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று தெரியவில்லை.

கேமரா முன்னால் எழுதுகிற பரீட்சை. அறைக்குள் இன்னொரு ஆள் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிடுவார்கள். திரையை விட்டு முகம் விலகினாலும், பின்னால் குரல் கேட்டாலும் எச்சரிக்கை வரும். இதையெல்லாம் மாமாவிடமும் ஆசிஃபிடமும் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். இருவரும் தலையாட்டினார்கள்.

மாமா கேம்ப்பில் முப்பது வருடம் ரெக்ஸின் கடை வைத்திருந்தவர். இளையான்குடியிலிருந்து வந்து, கல்லாவில் உட்கார்ந்து, நாலு பேருக்கு நல்லவர் என்று பெயர் எடுத்தவர். அந்த நல்ல பெயருக்கெல்லாம் சமைத்துப் போட்டது என் மாமியார். "எங்க வீட்ல சாப்ட்டுட்டுப் போங்க" என்று கடையில் இவர் சொல்வார், மாமி அடுப்படியில் நிற்பார். நோன்பு மாதத்தில் இங்கேயுள்ள பள்ளிவாசல்களில் பழமும் பஜ்ஜியும் சர்பத்தும் கிடைக்கும், நம் ஊர்க் கஞ்சி கிடைக்காது. வருடா வருடம் மாமிதான் காய்ச்சினார். காய்ச்சிக் காய்ச்சியே இடுப்பு விட்டுப்போனது. மாமி மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு மாமா கடையைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்தார். கூடவே அவருடைய வாக்குறுதிகளும் வந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஆசிஃபிடம் சொன்னேன். அவர் ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தா வாக்கு குடுத்துட்டாரு ருக்கையா. இப்பப் போயி எப்படி இல்லங்கிறது?"

"குடுத்தவரு சொல்லட்டும். இல்லன்னா நீங்க சொல்லுங்க."

"காலையிலயே காச்சி வச்சுட்டா என்ன? சாயங்காலம் சுட வச்சுக்கலாம்ல."

"காலையில காச்சுனா சாயங்காலம் அது கஞ்சியா இருக்காது, களியா இருக்கும். நான் செய்யலங்க. நொய் ஊறப்போட மாட்டேன், கறி வாங்க மாட்டேன், பூண்டு உரிக்க மாட்டேன். நம்ம நாலு பேரு நோம்பு தொறக்க என்ன வேணுமோ அது இருக்கும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார். கார் எங்கே வருகிறது என்று போனில் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சனிக்கிழமை மாமாவிடம் நேராகவே சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே சிரித்தார். "ஒன் மாமியும் இப்படித்தாம்மா சொல்லுவா" என்றார். அப்போது எனக்கு ஏறிய ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பெண் முப்பது வருடம் மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே செய்து முடித்திருக்கிறாள். இந்த மனுஷர் அதைச் சமையலுக்கு முன்னால் வருகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னதும் அப்படித்தான் காதில் விழுந்திருக்கிறது. ஜமாத்தில் ஒருவரிடமும் அவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்காது என்று அவருக்கு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பழங்களை நறுக்கி மூடி வைத்தேன். எங்களுக்கு மட்டும் சமோசா மடித்து வைத்தேன். ஆசிஃப் பேப்பர் கிண்ணம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வீட்டில் ஒரு சச்சரவு வருகிற நாளில் அவருக்கு எப்போதும் வெளியே வாங்க ஏதாவது இருக்கும். எந்தக் கஞ்சிக்குக் கிண்ணம் என்று நான் கேட்கவில்லை. படுக்கையறைத் தாழ்ப்பாள் போன மழையில் கதவு உப்பியதிலிருந்து விழுவதில்லை, சரி செய்கிறேன் என்று அவர் சொல்லி அடுத்த மழையே வரப்போகிறது. நிதா ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே போட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளும் நோன்பு.

"மம்மி, நான் யஹீன் உக்கார்றேன். கிஸீகோ பீ உள்ள விட மாட்டேன். நீ ஆராம்ஸே எழுது" என்றாள், வழக்கம்போல் பாதி ஹிந்தியில்.

பரீட்சை தொடங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. கட்டிலுக்கு அடியில் காட்டினேன், அலமாரியைத் திறந்து காட்டினேன். என் வீட்டில் ஒருவர் கூட இவ்வளவு அக்கறையாக நான் தனியாக இருக்கிறேனா என்று கேட்டதில்லை. பிறகு அந்தக் குரலும் போய்விட்டது. நானும் கோப்புகளும் மட்டும். மெஷின் போட்ட எண்களில் தவறு கண்டுபிடிக்க வேண்டும். அது ஒரு சுகமான வேலை. யாரோ அலட்சியமாகச் செய்ததைச் சுட்டிக்காட்டினால் அங்கே மதிப்பெண் கொடுக்கிறார்கள். பாதிக்கு மேல் நன்றாகவே போயிற்று.

மாமா தூங்கி எழுந்து சாயங்கால அஸர் தொழுதுவிட்டுச் சமையலறைக்குப் போனது கேட்டது. டப்பாக்கள் திறந்து மூடின. தேக்சா தரையில் இழுபட்டது. ஊறுகிற நொய்யைத் தேடுகிறார் என்று புரிந்தது. எங்கேயாவது ஒரு பாத்திரத்தில் ஊறிக்கொண்டுதான் இருக்கும் என்று அந்த நிமிடம் வரைக்கும் அவர் நம்பியிருக்கிறார். பிறகு காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

"தாதா, அந்தர் போகக் கூடாது. மம்மியோட எக்ஸாம் சல் ரஹா ஹை."

"ரெண்டு நிமிசம்தாண்டி. நொய் எங்க இருக்குன்னு கேட்டுட்டு வந்துர்றேன்."

"நஹீ தாதா."

"ஆளுக வர்ற நேரமாச்சு. தள்ளு புள்ள."

"நஹீ."

கதவு அதிர்ந்தது. அவள் முதுகு மோதிய சத்தம். கைப்பிடி பாதி திரும்பி நின்று மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. நிதா ஒரு முறை "ஆ" என்றாள், அவ்வளவுதான். திரையில் மஞ்சள் பட்டை வந்தது. பின்னணியில் குரல்கள் கேட்கின்றன, தொடர்ந்தால் தேர்வு நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. என் மகள் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆளோடு மல்லுக்கு நிற்கிறாள், நானோ, 'எழுபத்திரண்டு வயது ஆண், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவு' என்கிற கோப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். இடது இடுப்பு. மெஷின் வலது என்று போட்டிருந்தது. திருத்தினேன். அந்தக் கிழவருக்கு என் மனசில் யார் முகம் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நோன்பு வாயோடு அப்படி நினைத்தேன், இப்போதும் அதற்காக வருத்தமில்லை. நிதாவுக்காகத்தான் வருத்தம். எழுந்தால் எல்லாம் போச்சு என்று எனக்கே சொல்லிச் சொல்லி அடுத்த கோப்பைத் திறந்தேன்.

அழைப்பு மணி அடித்தது. மாமா கதவை விட்டு நகர்ந்தார். வாசலில் "வாங்க வாங்க, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அவர் குரலில் தேன் ஒழுகியது. மறுபடி மணி, மறுபடி வாங்க. தூக்குவாளிகள் தரையில் வைக்கப்படுகிற சத்தம். பெண்கள் பேசுவது, யாரோ "ருக்கையா எங்க?" என்பது, "உள்ள ஒரு வேலையா இருக்கு, இப்ப வந்துரும்" என்று அவர் சொல்வது. நான் கடைசிக் கோப்பை முடித்து அனுப்பினேன். தேர்வு பதிவாகிவிட்டது என்று வந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், குரல்கள் பற்றி ஆய்வு செய்த பிறகே முடிவு தெரிவிக்கப்படும் என்றிருந்தது.

கதவைத் திறந்தபோது நிதா அதில் சாய்ந்திருந்ததால் என் கால் மேல் சரிந்தாள். வலது மணிக்கட்டில் விரல்கள் பதிந்து சிவந்திருந்தன. "ஹேண்டிலை நான் விடவே இல்ல மம்மி" என்றாள். முதலில் அதைத்தான் சொன்னாள். நான் குனிந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹாலில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

ஹால் நிறைய ஆட்கள். கேம்ப்பில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற நாலைந்து ஆண்கள். ரஞ்சன்காவ்காரர்கள் பஸ் மாறி மாறி ஊரையே கடந்து வந்திருக்க வேண்டும். அவர்கள் குடும்பம் எல்லாம் தமிழ்நாட்டில், சொந்த ஊரில். அவர்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தரையில் விரிப்புப் போட்டு, எல்லோர் முன்னாலும் பேரீச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஆசிஃப் கீழ்க்கடை பஜ்ஜிப் பொட்டலங்களோடு சுவரோரம் நின்றார். பேப்பர் கிண்ணங்களின் அடுக்கு அவர் கக்கத்தில் இருந்தது.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை. "குக்கர்ல வச்சா இன்னும் நேரம் இருக்கு. எல்லாரும் கஞ்சிக்குத்தான் வந்திருக்காக."

நான் அவரைப் பார்க்கவில்லை. தூக்கை வைத்திருந்தவரைப் பார்த்துச் சொன்னேன். "கஞ்சி இல்லண்ணே. செய்ய மாட்டேன்னு நேத்தே மாமாகிட்ட நேராச் சொல்லிட்டேன். உங்கட்ட யாரும் சொல்லல போலருக்கு."

அவர் "பரவால்லம்மா, பரவால்ல" என்று தூக்கை மடியிலிருந்து இறக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பசித்தவன் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வது லேசான காரியமில்லை, அதுவும் நோன்பு திறக்கிற நேரத்தில். அந்தப் பாவத்தில் என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்றப் பங்குகளுக்கு உரியவர்கள் சோபாவிலும் சுவரோரத்திலும் இருந்தார்கள். துணிக்கடைக்காரர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் முக்காட்டைச் சரி செய்தாள்.

மாமாவின் முகம் சுருங்கியது. ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். நிமிர்ந்தபோது பழையபடி கல்லாவில் உட்கார்ந்த மனுஷராக இருந்தார்.

"நிதா" என்றார். "எந்திரிச்சு எல்லாருக்கும் தண்ணி கொண்டாந்து குடும்மா. நேரமாச்சு."

நிதா உடனே எழப்போனாள். சிவந்த கையைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு எழப்போனாள். யோசிக்கவே இல்லை.

"உக்காரு நிதா" என்றேன்.

"ருக்கையா" என்று ஆசிஃப் மெதுவாகச் சொன்னார்.

நிதா ஒரு முழங்கால் தலையணையிலும் ஒரு பாதம் தரையிலுமாக நின்றாள். மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாமாவின் போனில் நோன்பு திறக்கிற பாங்கு ஒலிக்க ஆரம்பித்தது. எல்லோர் விரலிலும் பேரீச்சம்பழம் இருந்தது. ஒருவரும் வாயில் வைக்காமல் நிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.