மத்தியானத்தில் பட்டறைக்கு வந்த வேன்

பழமலைநாதர் கோயிலில் நடை சாத்தியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பயிற்சிக்காக டிராவல்ஸ் ஆபீசில் சேர்ந்திருந்த பி.பி.ஏ. மாணவி பூர்ணிமா, தான் போட்ட முதல் சுற்றுலாத் திட்டத்தில் அதை மறந்துவிட்டாள். ஸ்ரீமுஷ்ணம் பார்த்துவிட்டு வந்த பதினெட்டுப் பேரும் வேனுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

"மேனேஜ்மென்ட் படிக்கிற பொண்ணுக்கு சாமி தூங்குற நேரம் தெரியலியே!" என்று டிரைவர் கருப்பன் சிரித்தார். "மொதலாளி காதுக்குப் போனா சர்ட்டிபிகேட்டு வராதும்மா."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் காட்டுவதற்கு இருந்தது பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றுதான். அங்கேதான் அவள் அம்மா ஆதிலட்சுமி கூலி வேலை செய்தாள். ஆபீசில் அதை மறைத்து, அம்மா டீச்சர் என்று சொல்லி வைத்திருந்தாள். வேறு வழி தோன்றவில்லை. வேனைத் திருப்பச் சொன்னாள்.

கூட்டத்தைக் கண்டதும் அம்மா மண் கையோடு எழுந்தாள். மகளின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"வாங்க மேடம். என்னா பாக்கணும்?"

பூர்ணிமா திரும்பிப் பார்த்தாள். கருப்பன் பக்கத்தில்தான் நின்றார்.

"அம்மா, பெத்த பொண்ண எதுக்கு மேடம்ங்குற? இவங்க மெட்ராஸ்லேருந்து வந்திருக்காங்க. அச்சுல மண்ணுக் கரைசல ஊத்துறத காட்டும்மா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.